கு. அர்த்தநாரி

என் தம்பி பிறப்பதற்கு முன்பே சேலம் குகையில் அவன் பேரில் ஒரு வீடு இருந்தது. வீட்டு வரி ரசீது, பட்டா, கரண்ட் பில் எல்லாவற்றிலும் கு. அர்த்தநாரி. தம்பியும் கு. அர்த்தநாரிதான். அப்பா இறந்த பிறகு பெயர் மாற்றத்துக்காகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தம்பியின் ஆதார் அட்டையைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், "உங்க பேர்லதானேங்க இருக்கு, இதுல என்ன மாத்தணும்?" என்றார்.

ரசீதில் இருப்பது எங்கள் தாத்தா. தாத்தாவின் அப்பா குப்புசாமி, எங்கள் அப்பாவும் குப்புசாமி. அதனால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேர் மட்டுமல்ல, இனிஷியலும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. வீடு தம்பி பேரில் இல்லை என்று காட்ட, தாத்தா என்று ஒருவர் இருந்தார், இறந்தார், அவருக்கு இன்னின்னார் வாரிசு என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்காகத் திறந்த ட்ரங்குப் பெட்டியை மட்டும் என்னால் மூட முடியவில்லை.

எங்கள் பக்கம் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பேர். மூத்த பெண்ணுக்கு அப்பாயி பேர், அடுத்தவளுக்கு அம்மாயி பேர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பேத்தி பெயர்த்திதான். சின்னத் தேரை உருட்டிக்கொண்டு தளர்நடை நடக்கும் குழந்தையைச் சங்கப் பாட்டு ஒன்று 'தந்தை பெயரன்' என்கிறது. தகப்பன் தன்னைப் பெற்றவரின் பேரைத் தன் மகனுக்கு வைத்திருக்கிறான். பல்லவர் வம்சத்தில் முதலாம் மகேந்திரவர்மனின் பேரன் இரண்டாம் மகேந்திரவர்மன். அரசர்களுக்கு முதலாம், இரண்டாம் என்று எண் போட வரலாற்றாசிரியர்கள் இருந்தார்கள். குகையில் குழித்தறியில் உட்கார்ந்து வெண்பட்டு நெய்தவர்களுக்கு யார் எண் போடுவது?

ஆனால் பேர் திரும்பத் திரும்ப வருவது பாதிச் சிக்கல்தான். அந்தப் பேரை யாரும் வாயால் சொல்வதில்லை என்பது மீதிச் சிக்கல். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. அப்படியிருக்க, மாமனார் பேரை வைத்த மகனைத் தாய் எப்படிக் கூப்பிடுவாள்? அம்மா தம்பியைப் 'பெரியவனே' என்பார். என்னைவிட மூன்று வயது சின்னவன் பெரியவன் ஆனது அந்தப் பேரால். எனக்கு அப்பாயி பேர், அதனால் ஐம்பது வயதை நெருங்கும் நான் இன்னமும் பாப்பா. தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று பெரிய வாத்தியார் பையன் பேர் என்ன என்று கேட்டார். அம்மா என் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார். நான்தான் சொன்னேன். திருச்செங்கோட்டு மலையேறி அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றாலும் அம்மா வாயிலிருந்து வருவது 'அம்மையப்பா' மட்டும்தான். சாமியே ஆனாலும் அது மாமனார் பேர்.

அப்பாயியும் அப்படித்தான். தாத்தா பேரைக் கேட்டால் தெற்கே கையை நீட்டி, "அந்த மலை மேல பாதி ஆணாவும் பாதி பொண்ணாவும் நிக்கறாரே, அவரு பேரு" என்பார். விடுகதை மாதிரிதான் பதில் வரும். வம்சம் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கவேண்டியது வீட்டுக் கிழவிகளிடம். அவர்களுக்கு எல்லாப் பேரும் தெரியும், எதையும் உச்சரிக்க மாட்டார்கள். உச்சரிக்காத பேர் அவர்களோடு போய்விடுகிறது. 'பெரியவர்', 'மேட்டு வீட்டுக்காரர்', 'ராசிபுரத்தா' என்ற கூப்பிடும் பேர்கள்தான் மிஞ்சும். எங்கள் ஊருக்கு மேலே ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் தங்கள் வம்சக் கதையைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் தொடங்குகிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் இருக்கிற அத்தனை பேருக்கும் மூலம் இந்த மூவர். வைத்த பேர் உதிர்ந்து, கூப்பிட்ட பேர் மட்டும் நின்றிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆடி அமாவாசைக்குத் தம்பி பவானி கூடுதுறைக்குப் போவான். அய்யர் மூன்று தலைமுறைப் பேர் கேட்பார். தம்பி சொல்வான்: குப்புசாமி, அர்த்தநாரி, குப்புசாமி. சடங்கு மூன்று தலைமுறையோடு நின்றுகொள்கிறது, ஞாபகமும் அங்கேயே நின்றுவிட்டது. முப்பாட்டனுக்கு அப்பாலும் அர்த்தநாரி, குப்புசாமி, அர்த்தநாரி என்று இரண்டு பேர்கள் மாறி மாறி ஆதிவரை போகும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ட்ரங்குப் பெட்டியின் அடியில் நாலாக மடித்த ஒரு பத்திரம் இருந்தது. மடிப்பு இற்றுப்போய் நாலு துண்டாகப் பிரியும் நிலை. ஒரு வீட்டுமனைக் கிரயம். 'சித்திரபானு வருஷம் ஆவணி மாதம்' என்று தொடங்கி, வாங்குகிறவர் 'செங்கோடன் குமாரர் அர்த்தநாரி' என்று இருந்தது.

செங்கோடனா? அப்படி ஒரு பேர் எங்கள் வீட்டிலேயே கிடையாது. அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நம்ம ஊட்டுப் பத்திரம் இல்ல பாப்பா. யாரோ அர்த்தநாரி. ஊர்ல ஒருத்தரா ரெண்டு பேரா?" என்றார்.

நியாயமான சந்தேகம். சேலத்தில் அந்தப் பேர் தெருவுக்கு ஒன்று இருக்கும். நாலெல்லையைப் படித்தேன். மேற்கே சந்து, வடக்கே பொதுக் கிணற்றுக்குப் போகும் பாதை, கிழக்கே மாரிமுத்து வீடு. எங்கள் வீட்டுக்கு மேற்கே சந்து இருக்கிறது. கிணற்றை மூடிவிட்டார்கள், பாதை இருக்கிறது. கிழக்கு வீட்டில் இன்றைக்கும் ஒரு மாரிமுத்து இருக்கிறார்! ஆதாரம் கிடைத்தது என்று குதித்த மறு நிமிஷமே பயமும் வந்தது. எந்த மாரிமுத்து? அவர்கள் வீட்டிலும் தாத்தா பேர்தானே பேரனுக்கு?

வருஷமும் அப்படியே குழப்பியது. தமிழ் வருஷங்கள் அறுபது, முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து சுற்றும். சித்திரபானு 1882இல் வந்தது, 1942இல் வந்தது, 2002இல் வந்தது. தாத்தாவுக்கு மகன் வழிப் பேரன் பிறக்க எவ்வளவு காலம் ஆகுமோ ஏறத்தாழ அதே இடைவெளியில் வருஷத்தின் பேரும் திரும்பி வந்து நிற்கிறது. அர்த்தநாரி என்ற பேருக்கு நேரே சித்திரபானு என்று எழுதியிருந்தால், அது தாத்தாவாகவும் இருக்கலாம், தாத்தாவின் தாத்தாவாகவும் இருக்கலாம். 1942 என்றால் எங்கள் தாத்தாவுக்குப் பதினெட்டு வயது.

முடிவு சொன்னது முத்திரைத்தாள். அதில் இருந்தது ஒரு பெண்ணின் தலை. 1942 பத்திரமாக இருந்தால் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை இருந்திருக்கும். இது விக்டோரியா ராணி. அப்படியானால் 1882. இந்த அர்த்தநாரி எங்கள் தாத்தா இல்லை, அவருடைய தாத்தா. அவரைப் பெற்றவர்தான் செங்கோடன்.

கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இது பழகிய வேதனை. சோழ அரசர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இராசகேசரி, பரகேசரி என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். கோயில் சுவரில் 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு' இத்தனை என்று மட்டும் இருந்தால், எந்தப் பரகேசரி என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பார்கள், கூடவே வரும் அதிகாரிகளின் பேரை, கொடை கொடுத்தவர்களின் பேரைப் பார்ப்பார்கள். ராஜாவின் பட்டம் உதவாத இடத்தில் பக்கத்தில் நிற்கிற சாதாரண மனிதரின் பேர் காலத்தைச் சொல்லிவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டுக் காகிதங்களிலும் கதாநாயகனின் பேரைப் படிப்பதை நிறுத்தினேன். சாட்சிக் கையெழுத்து யாருடையது, எல்லையில் யார் இருக்கிறார்கள், பெண் எடுத்த ஊர் எது என்றே தேடினேன்.

இரண்டு அர்த்தநாரிகளும் பிரிந்ததும் ஒரு கதை இடம் மாறியது. தாது வருஷப் பஞ்சத்தில் தாத்தா எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்த தானியத்தைச் சலித்துக் கொண்டுவந்து வீட்டைக் காப்பாற்றினார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். தாது வருஷத்தில் தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது என்று கணக்கும் சொல்வார்கள். கணக்கு சரிதான். 1936 தாது வருஷம், அப்போது அவருக்குப் பன்னிரண்டு. ஆனால் அந்தப் பஞ்சம் 1876இல் வந்த தாது வருஷத்தில் தொடங்கியது. 1871 கணக்கெடுப்பில் இருந்த மக்கள்தொகை 1881 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவுக்கு இல்லை, குறைந்துபோயிருந்தது. ஒரு ஜில்லாவே சுருங்கிய காலம் அது. புற்றைத் தோண்டியவர் முதல் அர்த்தநாரி. அவர் பசி எங்கள் தாத்தா பேரில் எழுதப்பட்டுவிட்டது, வீடு தம்பி பேரில் இருந்த மாதிரி. பேரும் ஒன்று, வருஷத்தின் பேரும் ஒன்று என்றால் சொல்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை.

செங்கோடன் என்ற பேரும் ஊரைக் காட்டியது. திருச்செங்கோட்டு மலையில் சிவன் அர்த்தநாரி, முருகன் செங்கோட்டு வேலவர். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மலையின் இரண்டு சாமிகளின் பேர். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் எங்கள் குலதெய்வக் கோயில். வருஷம் ஒரு தரம் பொங்கல் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவோம். இந்த முறை தங்கினேன். கோயில் கணக்கு வைத்திருக்கும் பெரியப்பா எங்களுக்குப் பங்காளி, எண்பதைத் தாண்டியவர். தலைக்கட்டு வரி நோட்டைப் பார்க்கவேண்டும் என்றேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கண்ணு அந்தக் கணக்கு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே எழுந்துபோய் எடுத்தும் வந்தார்.

பழைய நோட்டு செல்லரித்ததால் அவருடைய அப்பா பார்த்துப் பெயர்த்து எழுதிய பிரதி அது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. பேர், வரி, பாக்கி. பெண்கள் பேர் ஒன்றுகூட இல்லை. ஆனால் நோட்டின் பின்பக்கத்தில் மொட்டை, காதுகுத்துக் கணக்கு தனியாக இருந்தது. குழந்தையை மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது தாய்மாமன் உரிமை, சீர் கொண்டுவருவதும் அவர்தான். அதனால் மாமன் எந்த ஊர் என்று ஒவ்வொரு வரியிலும் குறித்திருந்தார்கள்.

துன்முகி வருஷம், அர்த்தநாரி மகன் செங்கோடன் மொட்டை, மாமன் ராசிபுரம்.

இரண்டு பக்கம் தள்ளி, விகாரி வருஷம், அர்த்தநாரி மகன் குப்புசாமி மொட்டை, மாமன் ராசிபுரம்.

துன்முகி 1896, இல்லை 1956. விகாரி 1899, இல்லை 1959. மறுபடியும் அதே சுழல். அர்த்தநாரி மகன் குப்புசாமி என்றால் எங்கள் அப்பாவும்தானே? அவருக்கு மொட்டை அடித்ததே காலம் தள்ளி, பத்து வயதுக்கு மேல் என்று அத்தை சொல்லியிருக்கிறார். காணிக்கை அணாவில் இருந்தது. அணாவை வைத்தும் முடிவு செய்ய முடியவில்லை, புதுப் பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது, துன்முகி அந்த மாதம்தான் முடிகிறது, அதற்குப் பிறகும் சில வருஷம் அணா புழங்கியது. ராசிபுரம்தான் கைகொடுத்தது. எங்கள் அப்பாயி பிறந்த வீடு அம்மாபேட்டை. அப்பாவைப் பெரிய மாமா மடியில் வைத்த கதை எங்களுக்குத் தெரியும், அவர் அம்மாபேட்டையை விட்டு நகராதவர். அப்பாவுக்கு அண்ணனும் கிடையாது. அப்படியானால் இது 1896, இது 1899. முதல் அர்த்தநாரி பெண் எடுத்தது ராசிபுரத்தில். அந்தப் பெண்ணின் பேர் எங்கும் இல்லை. பிறந்த ஊர் மட்டும் இருக்கிறது, அதுவும் அவள் அண்ணனையோ தம்பியையோ குறிப்பதற்காக. ஆனாலும் அவளை வைத்துத்தான் இரண்டு அர்த்தநாரிகளையும் என்னால் பிரிக்க முடிந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆண் பேர்கள் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. வெளியூரிலிருந்து வந்த பெண்தான் ஒவ்வொரு தலைமுறையையும் தனியாகக் காட்டுகிறாள்.

பெரியப்பா அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "செங்கோடன்னு ஒரு தலைக்கட்டு நம்ம கணக்குல வந்ததே இல்லியே" என்றார். நோட்டைத் திருப்பித் திருப்பித் தேடினோம். அர்த்தநாரிக்குப் பிறகு குப்புசாமி மட்டும்தான் வரி கட்டியிருக்கிறார்.

அதுவரை எனக்கு உறைக்காத ஒன்று அங்கே உறைத்தது. முறைப்படி பார்த்தால் செங்கோடனின் பேரன் செங்கோடனாக இருக்கவேண்டும். இருந்திருக்கிறான். மொட்டை அடித்து, காது குத்தி, பேர் சொல்லி நோட்டில் ஏறியிருக்கிறான். அதற்குப் பிறகு பிறந்தவனுக்குக் குப்புசாமி என்று ஏன் வைத்தார்கள்?

தமிழ் ஊர்களில் பிறந்தவர்களுக்குப் பதில் தெரியும். முந்தின பிள்ளை தக்கவில்லை என்றால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்திப் புரட்டி எடுப்பார்கள். இது வேண்டாத பொருள், குப்பை, எடுத்துப் போக லாயக்கில்லை என்று எமனுக்குக் காட்டுவதற்கு. அப்படி எடுத்த பிள்ளை குப்பன், குப்புசாமி, குப்பம்மாள். சிலர் அடுத்த வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். பிச்சை என்று வைப்பார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். உங்கள் வம்சத்தில் இப்படி ஒரு பேர் திடீரென்று குறுக்கே வந்தால் அதைச் சாமி பேர் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு குழந்தை இருந்திருக்கலாம். எல்லாக் குப்புசாமிக்கும் முன்னால் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பேர் வைக்கும் முறையை மட்டும் நம்பி ஆளை உண்டாக்குவது தப்பு. எங்கள் வீட்டில் முறை தப்பிய இடமும், நோட்டின் இரண்டு வரியும், வரிக் கணக்கில் அந்தப் பேர் வராததும் சேர்ந்து நின்றன.

அப்பாவுக்குத் தன் பேர் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் குப்பை என்று கூப்பிட்டு அழவைத்திருக்கிறார்கள். தம்பி மகன் பிறந்தபோது, என் பேர் வேண்டாம், நல்ல பேராக வையுங்கள் என்று அவரே சொன்னார், அப்படியே புதுப் பேர் வைத்தார்கள். ஒரு தாய் பிள்ளையைச் சாவிடமிருந்து ஒளித்து வைத்த பேர் அது என்று தெரியாமலே அப்பா போய்விட்டார். தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

ஊர் திரும்பி, சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு எழுதினேன். செங்கோடன், அர்த்தநாரி, குப்புசாமி, அர்த்தநாரி, குப்புசாமி, அர்த்தநாரி. அம்மா வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செங்கோடன் என்ற பிள்ளையின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தத் துணி அவனுக்குத்தான்" என்றார்.

எந்தத் துணி என்று எனக்கும் உடனே புரிந்தது. ஆடி மாதம் குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் வாரம், எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் படையல் போடுவோம். வேட்டி, சேலை எல்லாம் வைத்து, பெரிய இலைக்குப் பக்கத்தில் கையகல இலை ஒன்று போடுவோம். அதன் முன்னால் ஒரு முழம்கூட இல்லாத சின்னத் துணி. 'சின்னவருக்கு' என்று பேர். தறி ஓடிய காலத்தில் பாவு முடிந்து அறுக்கும்போது தாத்தா அதற்கென்று ஒரு துண்டு வெட்டி எடுத்து வைப்பார். யார் அந்தச் சின்னவர் என்று நாங்கள் கேட்டதில்லை. அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் அப்பாயி சொல்லிக்கொடுத்தது, அப்பாயிக்கு அவர் மாமியார் சொல்லிக்கொடுத்தது. மூன்று மருமகள்கள் பேர் தெரியாத ஒரு பிள்ளைக்குத் துணி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"அங்க ஒரு கட்டம் போடு" என்றார் அம்மா. குப்புசாமிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டு செங்கோடன் என்று எழுதினேன். அதற்கு மேலே, முதல் அர்த்தநாரிக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. ராசிபுரத்துப் பெண் என்று எழுதினேன்.

இந்த ஆடியில் தறி இல்லை, கடையில் வாங்கிய வேட்டியிலிருந்து அம்மா ஒரு துண்டைக் கிழித்தார். தெருவில் வண்டி வேடிக்கைக்கு மேளம் கேட்க ஆரம்பித்திருந்தது. எங்கள் வீட்டு ஆண்களில் மாமனார் பேரை அம்மா சொன்னதில்லை, புருஷன் பேரைச் சொன்னதில்லை, பெற்ற மகன் பேரையும் சொன்னதில்லை. சின்ன இலையில் ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல் வைத்து, துணியை மடித்து முன்னால் வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"செங்கோடா, சாப்பிட வா சாமி."